காய்ந்ததும் மங்கிப்போகும் கூழாங்கற்கள்: பாலிஷ் பொடியைக் குறை சொல்லாதீர்கள்

“டிரம்மிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னுகிறது, துடைத்து வைத்தால் பத்தே நிமிடத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது, பாலிஷ் பொடி மட்டமானதா, வேறு வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சுழலும் டம்ப்ளர் (கற்களைப் பொடியோடும் தண்ணீரோடும் டிரம்மில் போட்டு உருட்டி மெருகேற்றும் இயந்திரம்), முரட்டுப் பொடியிலிருந்து பாலிஷ் பொடி வரை நான்கு பொடிகள், ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு வாரம். உள்ளே அகேட், ஜாஸ்பர், கொஞ்சம் வெள்ளைப் படிகக்கல் (குவார்ட்ஸ்), வழியில் பொறுக்கிய புள்ளி போட்ட கல் இரண்டு, என்னவென்றே தெரியாத பால்வெள்ளைக் கல் ஒன்று. ஒரு கல்லில் குழி இருக்கிறது, அதற்குள் குட்டிப் படிகங்கள் தெரிகின்றன, அதையும் போடலாமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பொடியை மாற்ற வேண்டாம். நான்காவது வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்த குறை, அநேகமாக முதல் வாரத்திலேயே வந்தது. நானும் முதல் வருடம் முழுக்க பாலிஷ் பொடியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வகை வாங்கிப் பார்த்தேன், மூன்றிலும் அதே மங்கல். அப்புறம்தான் உறைத்தது, மூன்றுக்கும் பொதுவாக இருந்தது என் அவசரம் ஒன்றுதான்.

ஈரக் கல் ஏன் ஏமாற்றுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், அதில் படும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, அந்தச் சிதறல்தான் சாம்பல் பூத்த தோற்றம். தண்ணீர் பட்டதும் அந்தக் கீறல்களை நிரப்பிவிடுகிறது. வெளிச்சத்தை வளைக்கும் தன்மையைப் பார்த்தால் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, படிகக்கல்லுக்கு 1.54 என்பதால், கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையே வித்தியாசம் குறைவு, சிதறலும் குறைவு. மேலே இருக்கும் தண்ணீர்ப் படலம் வழுவழுப்பாக இருப்பதால் அது வேறு மின்னும். ஆக நீங்கள் ரசித்தது கல்லின் மெருகை இல்லை, தண்ணீரின் மெருகை. ஆற்றங்கரையில் ஆசையாகப் பொறுக்கிய கல் வீட்டுக்கு வந்ததும் சப்பென்று ஆகிவிடுவதும் இதே கதைதான்.

அதனால் இனிமேல் எந்தக் கட்டத்திலும் ஈரக் கல்லைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்தாறு கற்களை எடுத்துக் கழுவி, துடைத்து, நன்றாக ஆறவிட்டு, ஒரே ஒரு விளக்குக்குக் கீழே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் உருவம் கல்லில் ஓரம் கலையாமல், கத்தரித்த மாதிரித் தெரிந்தால் அது மெருகு. வெறும் வெள்ளைத் திட்டாகக் கலங்கித் தெரிந்தால் வேலை பாக்கி இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன உருப்பெருக்கி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. மங்கலுக்குள்ளே இருக்கும் ஒவ்வொரு கீறலும், ஒவ்வொரு ஊசிமுனைக் குழியும் அதில் தெரிந்துவிடும்.

சரி, மெருகு என்பதுதான் என்ன? பெரிய கீறல்களைச் சின்னக் கீறல்களால் அழிப்பது, அவற்றை இன்னும் சின்னவற்றால் அழிப்பது, இப்படியே கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் தெரியாத அளவு வரை போவது. பொடிகளின் எண் சல்லடைக் கணக்கில் வந்தது, ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பது, அதனால்தான் எண் ஏற ஏறப் பொடி நைசாகிறது. முதல் கட்டத்தில் போடும் 60/90 பொடியில் பெரிய துகள் கால் மில்லிமீட்டர் இருக்கும். அடுத்து 120/220, அதற்கடுத்து 500. கடைசியில் போடும் அலுமினியம் ஆக்சைடுப் பொடி ஒரு மைக்ரான் வாக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு மைக்ரான் பொடியிடம் போய் முதல் கட்டத்துக் குழியை அடைக்கச் சொல்கிறோம். அதனால் முடியாது. ஒரு மாதம் ஓட்டினாலும் குழியைச் சுற்றியுள்ள மேட்டைப் பளபளப்பாக்கும், குழி குழியாகவே இருக்கும்.

எனவே “ஒவ்வொன்றும் ஒரு வாரம்” என்ற கணக்கை, முதல் கட்டத்துக்கு மட்டுமாவது, மறந்துவிடுங்கள். அந்தக் கட்டத்துக்கு நாள் கணக்கே கிடையாது, கல் கணக்குதான். வாரம் ஒருமுறை திறந்து, கழுவி, காயவைத்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பாருங்கள். விளிம்பெல்லாம் உருண்டு, வெடிப்பும் குழியும் மறைந்த கல் மட்டும் அடுத்த டப்பாவுக்குப் போகட்டும், மீதியெல்லாம் புதுப் பொடியோடு மறுபடி டிரம்முக்குள். என்னிடம் ஒரு சிவப்பு ஜாஸ்பர் இருந்தது, கட்டைவிரல் அகலம், நடுவில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. மூன்றாவது வாரமும் வெடிப்பு அப்படியே இருந்தது, நான்காவது வாரம் பாதி நீளம்தான் தெரிந்தது, ஏழாவது வாரம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதற்குள் கல்லும் கால்வாசி இளைத்துவிட்டது, அது வேறு விஷயம். அதோடு டிரம்முக்குள் போன மற்ற ஜாஸ்பர்கள் இரண்டு வாரத்திலேயே தேறிவிட்டன. எல்லாம் ஒரே வகைக் கல்தான். கல்லுக்குக் கல் இவ்வளவு வித்தியாசம் வரும்போது காலண்டரைப் பார்த்துப் பொடியை மாற்றுவதில் அர்த்தமே இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை புதுப் பொடி ஏன் என்றால், பழைய பொடி அதற்குள் செத்துவிடும். முதல் மூன்று கட்டத்துக்கும் நாம் போடுவது சிலிக்கன் கார்பைடு. எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் 1891-ல் செயற்கை வைரம் செய்யலாமா என்று முயன்றபோது கிடைத்தது. வைரம் கிடைக்கவில்லை, நமக்குப் பொடி கிடைத்தது. கெட்டியான சரக்குதான், ஆனால் உடையும் குணமுள்ளது. கற்களுக்கு இடையே நசுங்கி நசுங்கி ஒரு வாரத்தில் கூர்முனை எல்லாம் போய் நைந்துவிடும். டிரம்முக்குள் பொடியும் தண்ணீரும் கல்தூளும் கலந்து நிற்கும் சேற்றை விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், முதல் நாள் நறநறவென்று இருக்கும், ஏழாம் நாள் வழவழவென்று இருக்கும். அதற்குமேல் ஓட்டினால் மின்சாரம்தான் செலவு.

இப்போது உங்கள் கலவைக்கு வருகிறேன். இரண்டாவது பெரிய தப்பு அங்கேதான் இருக்கிறது.

பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் போட்ட பத்துப் படி அளவுகோலை இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறோம், ஏனென்றால் அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், எது எதைக் கீறுகிறது என்று பார்த்தால் போதும். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, புளோரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, படிகக்கல் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறங்கள்தான், அதனால் அவையும் 9. இவை சமமான படிகள் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும், 9-க்கும் 10-க்கும் இடையே உள்ள இடைவெளி 1-க்கும் 9-க்கும் இடையே உள்ளதைவிடப் பெரியது. அகேட், ஜாஸ்பர் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களாலான படிகக்கல் குடும்பம், 6.5 முதல் 7 வரை. இந்த மூன்றையும் ஒரே டிரம்மில் தாராளமாகப் போடலாம். கூட ஒரு மெத்தைக் கல், அதாவது கடினம் குறைந்த கல், சேர்ந்தால்தான் வம்பு, மற்றவை அதை அரைத்துத் தள்ளிவிடும், அந்தத் தூள் சேற்றைக் கெட்டியாக்கி மற்றவற்றின் வேலையையும் கெடுக்கும்.

உங்கள் பால்வெள்ளைக் கல்லின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சாதாரணக் கத்தி ஒன்றின் முனையால் மறைவான ஓர் இடத்தில் கீறிப் பாருங்கள். கத்தி இரும்பு 5.5 வாக்கில் இருக்கும். கோடு விழுந்ததும் அவசரப்படாதீர்கள், ஈரவிரலால் அந்தக் கோட்டைத் தேயுங்கள். கோடு அழிந்துபோனால் அது கத்தியின் இரும்பு கல்லில் ஒட்டிய தடம், அதாவது கல்தான் கெட்டி, படிகக்கல்லாக இருக்கலாம். அழியாமல் நகத்தில் இடறினால் அது நிஜக் கீறல், கல் மெத்தை. புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், அழித்துப் பார்க்காமலே “கீறிவிட்டது, மெத்தைக் கல்” என்று நல்ல படிகக்கல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நிஜமாகவே கீறினால், கீறிய தூளின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கால்சைட்டோ பளிங்கோ. கடினம் 3. அது இந்தக் கூட்டத்தில் இருக்கவே கூடாது.

புள்ளி போட்ட கற்கள் அநேகமாகக் கிரானைட்தான். பார்க்க அழகு, டம்ப்ளருக்குத் தொல்லை. ஒரே கல்லுக்குள் படிகக்கல், பெல்ஸ்பார், அபிரகம் (மைக்கா) என்று மூன்று நான்கு கடினங்கள் கலந்திருக்கும். கெட்டியானது நிற்கும், மெத்தையானது குழியும், அபிரகம் செதில் செதிலாகக் கழன்று வரும். முகம் சமமாகவே வராது. கழன்ற துகள் பாலிஷ் கட்டத்தில் மற்ற கற்களைக் கீறும் என்பதுதான் அதைவிட மோசம். கிரானைட்டுக்கு ஆசை என்றால் தனியாக ஓட்டுங்கள், முழுக் கண்ணாடி மெருகை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் தட்டையாக்கிக் கையால் தேய்த்தால்கூட இதைவிட நன்றாக வரும்.

எரிமலைக் கண்ணாடி, அதாவது அப்சிடியன், வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் கடினம் 5 முதல் 5.5 வரைதான், போதாததற்கு ஓரம் சில்லு சில்லாகத் தெறிக்கும். தனி டிரம், நிறையச் சின்னச் சின்னப் பீங்கான் துண்டுகள் மெத்தைபோல. புளோரைட் வேண்டவே வேண்டாம், நான்கு திசையிலும் பிளந்துகொள்ளும்.

கழுவுவது பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை, அதனால் அதையும் சந்தேகப்படுகிறேன். ஒரு கட்டத்துப் பொடியில் ஓர் அரிசி எடைகூட அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. பாலிஷ் டிரம்முக்குள் ஒரே ஒரு 60 துகள் புகுந்தால் ஒரு வாரம் முழுக்க உள்ளே உருண்டு எல்லாக் கல்லின் மேலும் கையெழுத்துப் போட்டுவிடும். அது ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று: கல்லின் குழிகள், டிரம் மூடியின் விளிம்புப் பள்ளம், உங்கள் நகக்கண். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லையும் தேயுங்கள், மூடியைக் கழற்றி அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள், நறநறப்பு இருந்தால் இன்னும் கழுவவில்லை என்று அர்த்தம். பாலிஷுக்கு முன்னால் வெறும் தண்ணீரும் துளி சோப்பும் போட்டு நாலைந்து மணி நேரம் ஓட்டிவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுவது நல்ல வழக்கம். முடிந்தால் பாலிஷுக்கென்றே தனி டிரம் வைத்துக்கொள்ளுங்கள். குழி மறையாத கல்லை அடுத்த கட்டத்துக்கு அனுப்பாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம், குழியுள்ள கல் பொடியைச் சுமந்துகொண்டு போகும்.

டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருக்க வேண்டும், கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. பாதிதான் என்றால் கற்கள் மேலேறி விழுந்து ஒன்றையொன்று இடிக்கும். விளிம்புகளில் பிறைநிலா மாதிரிக் குட்டிக் குட்டி வெள்ளை வெடிப்புகள் தெரிந்தால் அந்த இடிதான் காரணம். விளிம்பு வரை அடைத்தால் கற்கள் உருளாமல் மொத்தமாக ஒரே உருண்டையாகச் சுற்றும். தண்ணீர் மேல்வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். கற்கள் இளைக்க இளைக்க டிரம்மில் இடம் காலியாகும், அதைப் பீங்கான் துண்டுகளால் நிரப்புங்கள். பிளாஸ்டிக் மணிகளும் ஆகும், ஆனால் அவற்றுக்குள் பொடி பதிந்துவிடும் என்பதால் ஒரு கட்டத்தில் போட்டதை இன்னொரு கட்டத்தில் போடக் கூடாது. சரியாக நிரப்பியிருக்கிறோமா என்பதற்குக் காதே போதும். மழை பெய்கிற மாதிரி விடாமல் ஒரே சீரான சரசரப்பு கேட்டால் நல்லது, ‘டக், டக்’ என்று தனித்தனியாகக் கேட்டால் நிறுத்தித் திறந்து பாருங்கள். பாலிஷ் கட்டத்தில் சத்தம் இன்னும் மெத்தென்று இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொடி மேல் சந்தேகம் போகவில்லை என்றால் ஒரு சோதனை சொல்கிறேன். உங்களிடம் இருப்பதிலேயே குழியில்லாத நல்ல அகேட் ஒன்றை எடுங்கள். கெட்டியான ஜீன்ஸ் துணியையோ பழைய தோல் துண்டையோ நனைத்து, அதில் ஒரு சிட்டிகை பாலிஷ் பொடியைக் குழைத்து, கல்லின் ஒரு பக்கத்தை மட்டும் பத்து நிமிடம் அழுத்தித் தேயுங்கள். கழுவிக் காயவைத்துப் பாருங்கள். தேய்த்த பக்கம் தேய்க்காத பக்கத்தைவிடத் தெளிவாக மின்னினால் பொடி நல்ல பொடி, டிரம்முக்குள் ஏதோ சரியில்லை, அநேகமாகச் சுத்தம். மாற்றமே இல்லை என்றால் 500 கட்டம் சரியாக முடியவில்லை. எப்படிப் பார்த்தாலும் பொடி தப்பித்துவிடுகிறது, கவனித்தீர்களா!

சேற்றைத் தொட்டியிலோ குழாய்ச் சாக்கடையிலோ மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது அடியில் தங்கிச் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவைத்து, மேல்தண்ணீரை வெளியே மண்ணில் ஊற்றிவிட்டு, அடிக்கசடை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். டம்ப்ளரை நடுவில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தாலும் இதே கதை டிரம்முக்குள் நடக்கும். சில கற்கள் வாயுவைக் கக்கி டிரம் மூடியை உப்பவைக்கும், முதல் சில நாள் தினமும் ஒருமுறை திறந்து மூடினால் போதும், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் உதவும்.

தூசு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். டம்ப்ளர் ஈரத்தில் ஓடுவதால் பயமில்லை, ஆனால் நாளைக்கே ஆசை முற்றிச் சாணைக்கல், வெட்டும் சக்கரம் என்று போவீர்கள், எல்லோரும் போகிறோம். அங்கே தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேலை செய்யாதீர்கள். படிகக்கல் தூசு நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் அகேட் தீட்டியவர்கள் ஒரு காலத்தில் ஆளுயர மணற்கல் சக்கரத்தின் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, கல்லை அதில் அழுத்திப் பிடித்து வேலை பார்த்தார்கள், சக்கரத்தைச் சுற்றியது ஓடைத் தண்ணீர். உலகம் மெச்சிய வேலை, ஆனால் பலரின் நுரையீரலைத் தின்றுவிட்டது. அதனால் தண்ணீரும் வேண்டும், முகக்கவசமும் வேண்டும், காய்ந்த சேற்றைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டும். சில கற்களின் தூசே விஷம்: மாலகைட் செம்புச் சத்துள்ளது, கலீனா ஈயம், சின்னபார் பாதரசம். மாலகைட்டைத் தெரிந்தவர் துணையோடு பிறகு பார்க்கலாம், மற்ற இரண்டையும் அறுக்கவோ தீட்டவோ வேண்டாம்.

கையில் இருக்கும் இந்தக் கூட்டத்தை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். பால்வெள்ளைக் கல்லைச் சோதித்து, கிரானைட்டைப் பிரித்து, மீதியைக் காயவைத்து, உருப்பெருக்கி வைத்துக்கொண்டு மேசையில் உட்காருங்கள். பென்சிலால் குழிகளின் மேல் தேய்த்தால் கரி உள்ளே தங்கி எங்கே குழி என்று பளிச்சென்று காட்டும். கரி தங்கிய கல்லெல்லாம் மறுபடி 60/90-க்கு, தங்காதவை 500-க்கு. எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள், என் முதல் கூட்டத்தில் முப்பத்தைந்தில் நான்குதான் தேறியது.

கடைசியாக அந்தக் குழிக்கல். அதை டிரம்மில் போடாதீர்கள். குழிக்குள் இருக்கும் படிகங்களின் முனைகள் முதல் இரண்டு நாளிலேயே முறிந்துவிடும், முறிந்த இடத்தில் பொடி போய் அடைத்துக்கொள்ளும், ஊசி வைத்து நோண்டினாலும் வராது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே தடவிக் கழுவி, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும் இடமாகப் பார்த்து அப்படியே வைத்துவிடுங்கள். விளிம்பு மட்டும் முரடாக இருக்கிறது என்று தோன்றினால், குழியை மெழுகால் அடைத்துவிட்டு, தண்ணீர்விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 220-ல் தொடங்கி 400, 600, 1000 என்று விளிம்பை மட்டும் கையால் தேயுங்கள். ஒரு சாயங்கால வேலை. மெழுகை எடுக்க வெந்நீரில் போடும்போது மட்டும் கல்லைச் சட்டென்று போட்டுவிடாதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்குங்கள், இல்லையென்றால் வெடித்துவிடும். எனக்கு ஒன்று வெடித்திருக்கிறது.